மருந்துச் சீட்டில் காரணம் எங்கே?

புதுவை நகரத்துக்கு மேற்கே வில்லியனூர், தெற்கே பாகூர் ஆகிய இரண்டு கொம்யூன்களின் கிராமங்களில் ஒரு வழக்கம் வேரூன்றி இருக்கின்றது. யாருக்காவது உடம்பு சுட்டால், மூக்கு ஒழுகினால், வயிறு போனால், முதலில் மருந்துக்கடைக்குப் போய் "ஜுரத்துக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்பது; அதில் நிற்காவிட்டால் ஒரு டாக்டரிடம் போவது; டாக்டர் ஊசி போட்டு, நாலு தினுசு மாத்திரை எழுதிக் கொடுத்தால் "கைராசிக்காரர்" என்பது; ஊசி போடாமல், "இது தானாகவே சரியாகிவிடும், கஞ்சி குடி, நிறையத் தண்ணீர் குடி" என்று சொல்லி அனுப்பினால், "இவரெல்லாம் ஒரு டாக்டரா" என்று அடுத்த தெருவுக்குப் போய்விடுவது. அந்த நாலு தினுசில் ஒன்று அநேக சமயங்களில் ஆண்டிபயாடிக் என்கின்ற கிருமிக்கொல்லியாக இருக்கின்றது. அது எந்த நோய்க்காக எழுதப்பட்டது, எத்தனை கிலோ எடையுள்ள உடம்புக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்கின்ற மூன்று விஷயங்களையும் ஒருங்கே சொல்லும் சீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கின்றது. சொன்னாலும் அதைச் சாப்பிடப் போகின்றவனுக்குத் தெரியாத பாஷையில் சொல்லுகின்றது.

இது சிறிய சங்கதி என்று யாராவது எண்ணுவார்களானால் அவர்களுக்குச் சில கணக்குகளைச் சொல்லுகின்றோம். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் நேரடியாகச் செத்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்றும், அக்கிருமிகள் சம்பந்தப்பட்ட சாவுகள் எல்லாம் சேர்த்தால் 49 லட்சத்து 50 ஆயிரம் என்றும் 2022-இல் வெளிவந்த லான்செட் பத்திரிகையின் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கின்றது. அந்த நேரடிச் சாவுகளில் ஏறக்குறைய 3 லட்சம் இந்தியாவினுடையது. முன்பு பத்து ரூபாய் மருந்தில் பிழைத்திருக்கக் கூடியவர்கள் இவர்களில் எத்தனையோ பேர். இவர்களுக்கு மருந்து கிடைக்காமல் போகவில்லை. கிடைத்த மருந்து வேலை செய்யவில்லை. ஏன் வேலை செய்யவில்லை என்றால், வேண்டாத இடத்திலெல்லாம் அதைக் கொட்டி, வேண்டிய இடத்தில் அரையும் குறையுமாகக் கொடுத்து, கிருமிகளுக்கு நாமே வித்தை கற்பித்துவிட்டோம்.

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில், நடவுக்குப் போகும் ஓர் அம்மாளை நாம் சந்தித்தோம். அவருடைய மூன்று வயதுப் பேரனுக்குச் சளியும் ஜுரமும். கையில் ஒரு சீட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் மருந்துகள். "இது என்ன மாத்திரை?" என்று கேட்டோம். "என்னா மாத்திரைன்னு எனக்கு என்னாங்க தெரியும்? டாக்டரு எழுதுனாரு, கடைக்காரத் தம்பி குடுத்துச்சி" என்றார். பையில் இருந்த தண்ணீர் மருந்து ஓர் ஆண்டிபயாடிக். பாட்டிலில் உள்ள பொடியில் கோடு வரைக்கும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஊற்றிக் குலுக்க வேண்டும் என்பதை யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் அளந்து கொடுப்பதற்கு அவர் வைத்திருந்தது குழம்புக் கரண்டி ஒன்று. அதில் பாதி என்பது அவர் கணக்கு. மாடத்தில் போன மாதத்து மாத்திரைப் பட்டை ஒன்றில் நான்கு மிச்சம் இருந்தது. "மருமவளுக்கு வாங்கினது, ரெண்டு நாள்ல தேவலையாயிடுச்சி. தூக்கிப் போட மனசு வரல. அடுத்த தடவைக்கு ஆவும்ல" என்றார். அன்று ஒருநாள் கூலி அந்தப் பைக்குள் போயிருந்தது. பையன் முற்றத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான்.

இந்த மாதிரிச் சங்கதியைச் சொன்னவுடனே படித்தவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "பாமர ஜனங்களுக்குப் புத்தி கிடையாது, பாதியில் நிறுத்துகின்றார்கள், கடையில் தாமே வாங்கித் தின்கின்றார்கள், அவர்களுக்கு விழிப்புணர்ச்சி ஊட்ட வேண்டும்" என்பதே அது. பிறகு நாலு பானர், ஓர் ஊர்வலம், உத்தியோகஸ்தர்கள் நின்று ஒரு போட்டோ. இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அந்த அம்மாள் செய்ததில் எது புத்தியில்லாத காரியம்? கரண்டிதான் கையில் இருந்தது. அளவு மூடியின் உபயோகத்தை யாரும் காட்டவில்லை. காசு கொடுத்து வாங்கினதை எறிய மனமில்லை. எறிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எழுதினவர், விற்றவர், இருவரையும் மேற்பார்க்க வேண்டிய சர்க்கார் ஆகிய மூவருடைய வேலையையும் சேர்த்து இவர் செய்யவில்லையே என்று குறை கூறுவது என்ன நியாயம்?

ஏழைகளுக்கு மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிடத் தெரியாது என்கின்ற பேச்சைப் பொய்யாக்கிக் காட்டியது நம் சென்னைப் பட்டணமே. 1956-இல் சென்னையில் க்ஷயரோகத்துக்கான மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று ஏற்பட்டது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு எல்லாம் உள்ள சானடோரியத்தில் வைத்து வைத்தியம் செய்தால்தான் க்ஷயம் குணமாகும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அந்த நிலையத்தார் ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியை அவரவர் குடிசையிலுமே வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான இடத்தில், மட்டமான சாப்பாட்டில் இருந்தவர்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. குடிசையில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர்களுக்கு மருந்து இலவசமாய், தவறாமல் கொடுக்கப்பட்டது. சாப்பிடுகின்றார்களா என்று வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள், மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். எழுதிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று கையைக் கழுவவில்லை. அதன் பிறகுதான் உலகமெங்கும் க்ஷயரோகிகளை வீட்டில் வைத்தே வைத்தியம் செய்யலானார்கள். வைத்தியர்கள் தம் பங்கைச் செய்தால் ஏழை தன் பங்கைச் செய்வான் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

நிற்க, இந்த மருந்து செய்வது என்ன, செய்யாதது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஜலதோஷம், பெரும்பாலான தொண்டை வலி, டெங்கு, குழந்தைகளின் தண்ணீர்ப் பேதியில் பெரும்பகுதி ஆகியவை வைரஸ் என்கின்ற ஜாதிக் கிருமிகளால் வருகின்றன. ஆண்டிபயாடிக் அந்த ஜாதியைத் தொடவே தொடாது. பாக்டீரியா என்கின்ற வேறு ஜாதியைத்தான் கொல்லும். ஆகவே ஜலதோஷத்துக்கு ஆண்டிபயாடிக் சாப்பிட்டவன் ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தால், அது சாப்பிடாமல் இருந்தாலும் ஐந்தாம் நாள் எழுந்திருப்பான். தாயத்துக் கட்டினவன் குணமானதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் ஒன்று இருக்கின்றது; தாயத்து வயிற்றுக்குள் போவதில்லை. இந்த மருந்தோ உள்ளே போய், குடலில் நமக்கு நன்மை செய்துகொண்டிருக்கும் கிருமிகளைக் கொன்று, தன்னை எதிர்த்துப் பிழைக்கத் தெரிந்த சிலவற்றை மாத்திரம் மிச்சம் வைக்கின்றது. அந்தச் சிலதே பிறகு பெருகுகின்றன.

பாகூர்க் குடியானவர்களுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நெல்லில் புகையான் விழுந்தபோது ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தவர்கள் அவர்கள். முதல் வருஷம் பூச்சி செத்தது. அப்புறம் அளவைக் கூட்டினார்கள். அதற்கும் அப்புறம் புகையானைத் தின்கின்ற சிலந்தியும் மற்றப் பூச்சிகளும் செத்தன, புகையான் சாகவில்லை. வயலில் நடந்ததுதான் வயிற்றிலும் நடக்கின்றது.

இந்த ஆபத்து இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. பெனிசிலினை 1928-இல் கண்டவர் அலெக்சாண்டர் பிளெமிங். அதற்காக 1945-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் நோபல் பரிசு பெற்றபோது செய்த பிரசங்கத்திலேயே அவர் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவன் தானே பெனிசிலின் வாங்கிக் கிருமி சாகாத அளவுக்குக் கொஞ்சமாய்ப் போட்டுக்கொள்ளுகின்றான், அவனிடமிருந்து அவன் மனைவிக்கு அது தொற்றுகின்றது, அவளுக்கு நிமோனியா, இப்போது பெனிசிலின் கேட்கவில்லை, அவள் சாகின்றாள். இந்தச் சாவுக்கு யார் ஜவாப்தாரி என்று பிளெமிங் அந்தச் சபையைக் கேட்டார். மருந்தைக் கண்டுபிடித்தவனே பரிசு வாங்குகின்ற மேடையில் நின்று எச்சரித்த சங்கதியை, 80 வருஷத்துக்குப் பிறகும் நாம் கிராமம் கிராமமாய்ச் சொல்ல வேண்டியிருக்கின்றது!

அளவுக்கு இன்னொரு கதையும் உண்டு. இங்கிலாந்தில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்கின்ற போலீஸ்காரருக்கு 1941-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் பெனிசிலின் போட்டார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையும் இழந்து கிடந்தவர், ஊசி போட்ட சில தினங்களுக்குள் ஜுரம் தணிந்து சாப்பிடலானார். உலகத்தில் இருந்த பெனிசிலினே அவ்வளவுதான். அவருடைய சிறுநீரில் கழிந்ததைக் கூடப் பிரித்தெடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்தாம் நாளோடு மருந்து தீர்ந்தது. நோய் திரும்பியது. மார்ச் மாதத்தில் அவர் இறந்துபோனார். அன்று ஆக்ஸ்போர்டில் மருந்து இல்லாததால் வைத்தியம் பாதியில் நின்றது. இன்று வண்டி வண்டியாய் மருந்து குவிந்திருக்கும் போது நம்மிடத்தில் பாதியில் நிற்கின்றதே, ஏன்?

ஏன் என்பதற்குக் காரணம் கையெதிரே இருக்கின்றது. பல சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எந்த மருந்தானாலும் மூன்று நாளைக்குத்தான் கொடுப்பது என்றொரு பழக்கம் உண்டு. அப்புறம் வந்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். களை எடுக்கப் போகின்றவளுக்கு வரிசையில் நிற்பது என்றால் ஒருநாள் கூலி போவது. ஜுரம் விட்டிருக்கும், அவள் வரமாட்டாள். ஐந்து நாள் வேண்டிய நிமோனியாவுக்கும் மூன்று நாள், ஒரு நாளும் வேண்டாத சளிக்கும் மூன்று நாள்! இதில் என்ன வைத்திய சாஸ்திரம் இருக்கின்றது? இது ஸ்டோர் கணக்கு சாஸ்திரம்.

இத்தனை நாள் சாப்பிட்டே தீரவேண்டும் என்று பழைய வைத்தியர்கள் ஒரேயடியாய்ச் சொல்லிவந்ததும் இப்போது அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்து நாள், பதினான்கு நாள் என்று முன்பு கொடுத்துவந்த அநேக வியாதிகளுக்கு ஐந்து நாளே போதும் என்று பல பரீட்சைகளில் தெரிய வந்திருக்கின்றது. வேண்டியதற்கு மேல் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு இன்னொரு பாடம். ஆனால் க்ஷயத்துக்கு ஆறு மாதம் என்றால் ஆறு மாதமே. ஆகவே எத்தனை நாள் என்பதை நோயாளி ஊகிக்கவும் கூடாது, ஸ்டோர்க்காரர் தீர்மானிக்கவும் கூடாது. நோயின் பேரைக் கண்டு டாக்டர் எழுத வேண்டும். எழுதின அத்தனை நாளைக்கும் உள்ள மாத்திரை அன்றைக்கே கையில் கிடைக்க வேண்டும்.

இனி, தப்பான மருந்து. மழைக்கும் பனிக்கும் நடுவிலே நம் பக்கங்களில் வருகின்ற ஜுரங்களில் உண்ணிக்காய்ச்சல் என்று ஒன்று உண்டு. புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதனால் வருவது. புல்லறுப்பவர்களுக்கும் ஆடுமாடு மேய்ப்பவர்களுக்கும் வரும். கடித்த இடத்தில், அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்குக் கீழோ, சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுத்த பொருக்கு பல பேருக்கு இருக்கும். துணியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஜுரத்துக்குப் பெனிசிலின் குடும்பமும் கேட்காது, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு ஏற்றுகின்ற செபலோஸ்போரின் ஊசிகளும் கேட்காது. டாக்சிசைக்ளின் என்கின்ற பழைய, மலிவான மருந்து கேட்கும். சரியான சமயத்தில் கொடுத்தால் இரண்டு நாளில் ஜுரம் இறங்குவதை அநேகமாய்ப் பார்க்கலாம். விட்டுவிட்டால் நுரையீரலையும் மூளையையும் பிடித்து ஆளைக் கொல்லும். நோய் முற்றினவர்களுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நாளத்தில் ஏற்றுவது தனித்தனியாய்க் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று இந்திய ஆஸ்பத்திரிகளில் செய்த பரீட்சை 2023-இல் காட்டியது. ஆகவே நாம் மருந்துக்கு விரோதிகள் என்று யாரும் சொல்ல வேண்டாம். இரண்டு வேண்டிய இடத்தில் இரண்டும் கொடுங்கள் என்றே சொல்லுகின்றோம். ஐந்து நாள் "பவர்" ஊசி போட்டுத் தாலியை அடகு வைத்த பிறகு, ஆறாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவர் அக்குளைத் தூக்கிப் பார்த்துப் பொருக்கைக் கண்டுபிடிக்கின்றார் என்றால், முதல் ஐந்து நாளும் செய்ததற்கு வைத்தியம் என்று பேரா?

விலை அதிகமான மருந்துதான் சக்தி அதிகமான மருந்து என்கின்ற எண்ணம், அதிகம் உண்டியல் போட்ட சாமிதான் அதிகம் பலன் தரும் என்கின்ற எண்ணத்தின் தம்பி. உலக சுகாதார ஸ்தாபனம் 2017 முதல் ஆண்டிபயாடிக்குகளை மூன்று வகுப்பாய்ப் பிரித்திருக்கின்றது. முதல் வகுப்பு எல்லா ஊரிலும் எப்போதும் கிடைக்க வேண்டியவை. அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் போன்றவை அதில் சேர்ந்தவை. இரண்டாவது, பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. நம்முடைய மருந்துக்கடைகளில் மிட்டாய் போல் விற்கின்ற அசித்ரோமைசினும் செபிக்சைமும் இதில்தான் இருக்கின்றன. மூன்றாவது, வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி ஆயுதங்கள். 2030-க்குள் உலகத்தில் சாப்பிடப்படும் ஆண்டிபயாடிக்கில் 70 சதவிகிதமாவது முதல் வகுப்பாய் இருக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் கூடிய தேசங்கள் தீர்மானித்தன. வில்லியனூரிலும் பாகூரிலும் இப்போது எத்தனை சதவிகிதம்? சீட்டுகளை எண்ணிப் பார்த்து ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியது சுகாதார இலாகாவின் கடமை.

குழந்தைகளின் அளவைப் பற்றிச் சற்று அதிகமாய்ச் சொல்லவேண்டும். பெரியவர்களுக்குக் கொடுப்பது போல் குழந்தைக்கு "ஒன்று" என்றும் "அரை" என்றும் கொடுப்பதற்கில்லை. எடை பார்த்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட வேண்டும். ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று 10 கிலோவும் ஒன்று 15 கிலோவும் இருப்பது நம் கிராமங்களில் சாதாரணம். இரண்டுக்கும் ஒரே கரண்டி என்றால் ஒன்றுக்குக் குறைவு, அல்லது ஒன்றுக்கு அதிகம். இதற்கு எந்தப் பெரிய யந்திரமும் வேண்டாம். ஒரு தராசு வேண்டும். அந்தத் தராசு ஒவ்வோர் அங்கன்வாடியிலும் தொங்குகின்றது. குழந்தையின் எடை அட்டையில் எழுதப்பட்டும் இருக்கின்றது. மருந்து எழுதும் மேஜைக்கு அந்த எண் வந்து சேருவதில்லை. பாகூரில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் வேதம் படிக்கின்றவர்களின் கல்விச்சாலைக்காக மூன்று கிராமங்களை எழுதி வைத்த செப்பேடு கிடைத்திருக்கின்றது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெருமை பேசப்படுகின்றது. அதே பாகூரில் குழந்தையை மருந்துக்கு முன் தராசில் வைக்க வேண்டும் என்பதற்கு எந்தச் செப்பேடு வேண்டுமோ தெரியவில்லை.

அளக்க வேண்டியது எடையோடு முடியவில்லை. மூச்சையும் எண்ண வேண்டும். இருமுகின்ற குழந்தைக்கு நிமோனியாவா வெறும் சளியா என்று பார்க்க உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் முதல் சோதனைக்கு ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது முழுதாய் ஒரு நிமிஷம் மூச்சை எண்ணவேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் என்றால் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினாலும் அப்படியே. இல்லையென்றால் அநேகமாய்ச் சளி. பேதிக்கோ, மலத்தில் ரத்தம் இருக்கின்றதா என்று தாயைக் கேட்பதே பாதி வைத்தியம். ரத்தம் இல்லாத சாதாரணத் தண்ணீர்ப் பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையுமே மருந்து. 1971-இல் வங்காளத்து அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோன சமயத்தில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் அந்தக் கரைசலைப் பீப்பாயில் கலந்து வைத்துக் காலரா நோயாளிகளைச் சாவிலிருந்து மீட்டார். அந்தப் பொட்டலம் நம் ஆரோக்கிய நிலையங்களில் சும்மா கிடைக்கின்றது. சும்மா கிடைப்பதனாலேயே அதற்கு மதிப்பில்லை போலும்.

வயசானவர்கள் விஷயம் இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு மூத்திரக்காய் தளர்ந்திருக்கும். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளை வாலிபனுக்குப் போடும் அளவிலேயே போட்டால் மூத்திரக்காயும் கெடும், காதும் போகும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் இந்த ஜாக்கிரதை வேண்டும்.

டாக்டர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நாம் ஒருதலையாய்ப் பேசினவர்களாவோம். காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு டாக்டர் ஒருவருக்கு இரண்டு நிமிஷம் கொடுக்கவே திண்டாடுகின்றார். "மருந்து வேண்டாம்" என்பதை விளக்க ஐந்து நிமிஷம் வேண்டும். மருந்து எழுத அரை நிமிஷம் போதும். ரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வசதியில்லை. கொடுக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் உறவினர் வந்து மேஜையைக் கவிழ்ப்பார்கள் என்கின்ற பயம். தனியார் டாக்டருக்கோ, இவர் எழுதாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் எழுதுவார் என்கின்ற பிழைப்புக் கவலை. இவற்றோடு மருந்துக் கம்பெனி ஆட்களின் படையெடுப்பு. கம்பெனிகள் டாக்டர்களுக்குப் பரிசும் உல்லாசப் பிரயாணமும் கொடுக்கக் கூடாது என்று இந்திய சர்க்கார் 2024 மார்ச்சில் ஒரு விதி கொண்டு வந்தது. சம்பந்தமில்லாத மருந்துகளை ஒரே மாத்திரையில் பிசைந்து விற்பதை 2016-இல் 344-ம், 2018-இல் 328-ம், 2024-இல் 156-மாகத் தடை செய்தது. இத்தனை நூறு தினுசைத் தடுக்க வேண்டியிருந்தது என்றால், அதுவரையில் அவற்றையெல்லாம் எழுதினவர் யார், விழுங்கினவர் யார்? எழுதினவர்கள் படித்தவர்கள். "பாமரர்கள்" விழுங்கத்தான் செய்தார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கின்றது. எச்-ஒன் என்கின்ற அட்டவணை 2013-இல் பிரசுரமாகி 2014 மார்ச் முதல் அமலுக்கு வந்தது. அதிலுள்ள மருந்தை விற்கும் கடைக்காரர் தனிப் புஸ்தகத்தில் டாக்டர் பேர், நோயாளி பேர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016-இல், பட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று பிரசாரம் செய்தார்கள். 2024 ஜனவரியில் இந்திய சுகாதார சேவைகளின் தலைமை அதிகாரி, மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதி, ஆண்டிபயாடிக் எழுதும்போது எந்தக் காரணத்துக்காக என்பதைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நாம் இங்கே கேட்பதும் அதைத்தான். மருத்துவக் கல்லூரிக்குத் தகும் என்றால் கிராமத்து ஆரோக்கிய நிலையத்துக்கும் தெருமுனை கிளினிக்குக்கும் ஏன் தகாது?

அறிவுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுக்காரர் 1823-இல் வைத்தியப் பள்ளி வைத்த ஊர் இது. ஜிப்மர் இங்கே இருக்கின்றது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைக் கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-இல் ஆரம்பித்த ஏற்பாட்டில் ஜிப்மர் முக்கியமான ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அதன் கிராம ஆரோக்கிய நிலையம் வில்லியனூர்ப் பக்கத்து ராமநாதபுரத்தில் இருக்கின்றது. பாகூர்ப் பக்கம் போனால் கிருமாம்பாக்கத்தைச் சுற்றிலும் பெரிய பெரிய மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள். இவ்வளவு சிறிய நிலத்தில் இவ்வளவு வைத்தியப் படிப்பு நெருங்கியிருக்கும் இடங்கள் இந்தியாவில் அதிகமில்லை. இந்தக் கல்லூரிகளில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து இப்போது கேட்கின்றது என்கின்ற கணக்கு தயாராகின்றது. அதில் ஒரு பக்கத்தை வருஷத்துக்கு ஒருமுறை கிராமத்து டாக்டருடைய மேஜைக்கு அனுப்பினால் அவர் ஊகித்து எழுத வேண்டியிராது.

செய்து பார்த்தவர்கள் இல்லாமலில்லை. 2012-இல் சென்னையில் கூடிய இந்திய வைத்திய சங்கத்தார் சென்னைப் பிரகடனம் என்று ஒன்றைச் செய்து, நடக்கக் கூடிய காரியங்களாய்ப் பொறுக்கிச் சர்க்காருக்குச் சொன்னார்கள். கேரளம் 2018-இல் தனக்கென்று ஒரு திட்டம் வகுத்தது. 2024-இல் சீட்டில்லாமல் விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்து, ஆண்டிபயாடிக்கை நீலநிறக் கவரில் போட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்தது. கோழிக்கோட்டுப் பக்கத்துக் காக்கோடி என்கின்ற ஊரின் ஆரோக்கிய நிலையம் ஆண்டிபயாடிக்கை ஒழுங்காய் உபயோகிக்கும் ஆஸ்பத்திரி என்று பேர் வாங்கியது. அது ஒரு கிராமத்து நிலையந்தான், வானத்திலிருந்து இறங்கினதல்ல. ஸ்வீடன் தேசத்தில் 1995 முதல் ஒவ்வொரு ஜில்லாவிலும் டாக்டர்களே கூடி, தாங்கள் எழுதின சீட்டுகளைத் தாங்களே எண்ணி, ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு வருகின்றார்கள். அங்கே சீட்டு எண்ணிக்கை வெகுவாய்க் குறைந்தது.

மாஹேயும் புதுவை ராஜ்யத்தின் ஒரு துண்டுதான். அது கேரளத்துக்கு நடுவில் இருக்கின்றது. அங்கே எல்லை தாண்டினால் நீலக் கவர். இங்கே பிளாஸ்டிக் பை.

யாரிடம் போய்க் கேட்பது என்பதும் ஒரு சங்கடம். கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு 2006-இல் தேர்தல் நடந்தது. அதில் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. பிறகு வெகு வருஷங்கள் தேர்தலே இல்லாமல் கமிஷனர்கள் ஆண்டார்கள். கேள்வி கேட்க ஒரு வார்டு மெம்பர்கூட இல்லாத ஊரில் ஆரோக்கிய நிலையத்தின் ஸ்டோர் கணக்கை யார் கேட்பார்கள்? ஆகவே ஜனங்களே கேட்க வேண்டியிருக்கின்றது. டாக்டரிடம் "ஏன்" என்று கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம்மவர் நினைக்கின்றார்கள். புரோகிதனிடம் அர்த்தம் கேட்கக் கூடாது என்று பழக்கப்படுத்தின அதே நாக்கு இங்கேயும் மடங்கிக்கொள்ளுகின்றது. "ஐயா, இது ஆண்டிபயாடிக்குங்களா? எதுக்குங்க? எத்தினி நாளைக்குங்க?" என்று மூன்று கேள்வி. நல்ல டாக்டர் எவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தமக்கு ஐந்து நிமிஷ விளக்கம் மிச்சம் என்று சந்தோஷப்படுவார். கோபித்துக்கொள்ளுகின்றவர் இருந்தால் அவர் பேரை ஊரார் தெரிந்துகொள்ளுவது நல்லதுதான்.

புதுவை சுகாதார இலாகாவை நாம் கேட்பது இதுதான். வில்லியனூர், பாகூர் ஆரோக்கிய நிலையங்களிலும் கரிக்கலாம்பாக்கத்துச் சமுதாய ஆரோக்கிய நிலையத்திலும் மருந்துச் சீட்டில் நோய், எடை, அளவு, நாள் என்று நான்கு கட்டங்கள் அச்சிடுங்கள், தமிழில் அச்சிடுங்கள். எழுதின நாள் முழுவதற்கும் மாத்திரையை ஒரே தடவையில் கொடுங்கள். தண்ணீர் மருந்தோடு அளவு மூடியைக் கொடுத்து, கம்பவுண்டர் ஒருமுறை அளந்து காட்டட்டும். மாதத்துக்கு நூறு சீட்டை எடுத்து எண்ணி, சளிக்கு எத்தனை ஆண்டிபயாடிக் போயிற்று என்று வாசல் பலகையில் எழுதி வையுங்கள். டாக்டர் பேர் வேண்டாம், எண் போதும். மருந்துக்கடைகளின் எச்-ஒன் புஸ்தகத்தை ஒரு நாள் திறந்து பாருங்கள். மழைக்கால ஜுரம் ஐப்பசியில் ஆரம்பிக்கும். அதற்குள் இந்த நான்கு கட்டங்களை அச்சடிக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று இலாகா தெரிவிக்குமானால், அந்தப் பதிலை அப்படியே இந்தப் பத்திரிகையில் போடுகின்றோம்.